கண்ணாடித் தொட்டியில் ஒரு வேலி

கதிரவேலர் கலியாணம் கட்டியதே முருகேசுவை விட்டுப் பிரியாமல் இருக்கத்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது முழுப் பொய்யில்லை. வட்டுக்கோட்டைக்குக் கிழக்கே ஒரு தோட்டக் கிராமத்தில் இரண்டு பேரும் ஒரே வருஷம் பிறந்து, ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்து படித்து, ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கி வளர்ந்தவர்கள். முருகேசுவுக்குச் சின்னாச்சியைப் பேசி முடித்தபோது, அவளுக்குப் பாலேஸ்வரி என்று ஒரு தங்கை இருப்பதைக் கதிரவேலர்தான் முதலில் கவனித்தார். யாழ்ப்பாணத்தில் வீட்டு வளவு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை அங்கே போய்க் குடியிருப்பார். அக்காவுக்கு வளவில் ஒரு பாதி, தங்கைக்கு மறு பாதி. தங்கையைக் கட்டினால் சாகும்வரை முருகேசு பக்கத்து வீடு. இப்படி யோசித்துப் பெண் எடுத்த மனிதர் வேறு யாரும் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

ஆனால் பக்கத்து வீட்டில் இருக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. மலாயாவில் ரயில்வே உத்தியோகம் கிடைத்துத் தைப்பிங்குக்குப் போனார். பாலேஸ்வரியும் கொஞ்சக் காலம் கூடப் போயிருந்தாள். அந்த ஊர் மழை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மகன் பரமலிங்கத்தையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். பிள்ளை வளர்ந்து ஆளானதும் அவனும் தகப்பனிடம் போய் அங்கேயே வேலையில் சேர்ந்துகொண்டான். கதிரவேலர் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருதரம் லீவில் வருவார். பெட்டியை அவிழ்ப்பதற்குள் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும். தைப்பிங் ஸ்டேசனில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அவர் மனதில் இருந்தது ஒரே படம்தான். பின்னேரம், முன் விறாந்தை, காலை நீட்டிச் சாய இரண்டு சாய்மனைக் கதிரை, பக்கத்தில் சுருட்டும் கையுமாக முருகேசு.

பென்சன் எடுத்துக்கொண்டு அவர் ஊர் வந்து சேர்ந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம். பெட்டி படுக்கையோடு இரண்டு அகன்ற வாய்ப் போத்தல்களும் வந்தன. கப்பலில் ஒருவரையும் தொடவிடாமல், ரயிலில் மடியிலே வைத்துக்கொண்டு வந்தார். ஒரு போத்தலில் சிவப்பு மீன், மற்றதில் நீல மீன். விரல் நீளம்தான் இருக்கும். ஆனால் செட்டையும் வாலும் விரிந்தால் கூறைச்சேலைத் தலைப்பு மாதிரி இருக்கும். சயாம் தேசத்துச் சண்டை மீன்கள். பரமலிங்கம் ஓய்வு நேரத்தில் வளர்த்தவை. ஒரு தாய்க் குஞ்சுகள் என்றாலும் இரண்டு ஆணையும் ஒரு பாத்திரத்தில் விட்டால் ஒன்றை ஒன்று கிழித்துவிடும் என்று சொல்லித்தான் தகப்பனின் கையில் கொடுத்தான். "அம்மாட்டைக் குடுங்கோ, நான் தந்தனான் எண்டு" என்றானாம்.

மீனை முதலில் முருகேசுவுக்குக் காட்ட வேண்டும் என்று கதிரவேலர் நினைத்திருந்தார். போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு, நடுவேலியில் இரண்டு வீட்டுக்கும் போய்வர விட்டிருந்த இடைவெளியை, ஊரில் பொட்டு என்று சொல்லும் அந்த வழியை, நோக்கி நடந்தார். பொட்டு அங்கே இல்லை. இருந்த இடத்தில் கிடுகு அடுக்கி, பனை மட்டை வைத்துக் குறுக்கே கட்டி, முளைத்து வேலியாகும் கிளுவங்கதியாலும் நட்டிருந்தது.

"எங்கை போறியள்?" என்று பின்னால் பாலேஸ்வரியின் குரல் கேட்டது. "அவையோடை இப்ப எங்களுக்குக் கதை பேச்சு இல்லை."

விஷயம் இதுதான். அதற்கு முந்திய வருஷம் நடுவேலி அடைத்தபோது கதியால் ஒரு சாண் இந்தப் பக்கம் தள்ளி விழுந்துவிட்டது. அந்த ஒரு சாணில் பாலேஸ்வரியின் எலுமிச்சை, அந்தத் தேசிக்காய் மரம், சின்னாச்சியின் பக்கம் போய்விட்டது. தங்கை கேட்டாள், அக்கா இல்லை என்றாள். ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் வந்தது. அன்றைக்கே பொட்டை அடைத்தார்கள். யார் அடைத்தது என்று கேட்டால் இன்றைக்கும் இரண்டு வீட்டிலும் இரண்டு பதில் கிடைக்கும். அந்தத் தேசி மரம் அடுத்த கோடையிலேயே பட்டுப்போனது. கோபம் மட்டும் தளிர்த்துக்கொண்டே இருந்தது.

கிணறு மட்டும் பங்கு. வேலி கிணற்றுக் கட்டுவரை வந்து நின்று, மறு பக்கம் மீண்டும் தொடங்கியது. அந்தப் பக்கத்தில் துலா கிறீச்சிடும் சத்தம் கேட்டால் பாலேஸ்வரி குடத்தோடு போகமாட்டாள். இந்தப் பக்கத்தில் வாளிச் சத்தம் கேட்டால் சின்னாச்சி உள்ளே திரும்பிவிடுவாள். தண்ணீர் அள்ளுவதில் இவர்களுக்கு இருந்த ஒழுங்கு தைப்பிங் ஸ்டேசனில் கூட இருக்கவில்லை என்று கதிரவேலர் நினைத்துக்கொண்டார்.

ஒருநாள் கோயில் வீதியில் முருகேசுவைக் கண்டு நாலு வார்த்தை பேசினார். அவர் வீட்டுக்கு வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. அன்று முழுக்க அடுப்படியில் பாத்திரங்கள்தான் பேசின. அதற்குப் பிறகு முருகேசு, பெண்சாதிமாருக்கு நடுவில் தான் ஏன் நெருப்பை மூட்டவேண்டும் என்று, கண்டால் தலையை ஆட்டிவிட்டுப் போகத் தொடங்கினார். பின்னேரங்களில் வேலிக்கு மேலாகச் சுருட்டுப் புகை வரும். அவருடைய இருமலும் வரும். கதிரவேலர் இங்கே இருந்து தொண்டையைச் செருமுவார். இருபத்தைந்து வருஷம் காத்திருந்ததற்கு வந்த சம்பாஷணை அவ்வளவுதான்.

வேறு வேலை இல்லாததால் மீனைக் கவனித்தார். போத்தலில் எவ்வளவு நாளைக்கு வைப்பது? யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கத்தில் சிமியோன் என்றொரு தகரவேலைக்காரர் இருந்தார். கோயிலுக்குக் கண்ணாடி லாந்தரும், மாதா சுருவம் வைக்கக் கண்ணாடிக் கூடும் செய்கிறவர். கதிரவேலர் அவரிடம் போய், இரண்டு மீன் இருக்க, நடுவில் கண்ணாடி வைத்து, ஒரு சின்னத் தொட்டி செய்து தரச் சொன்னார்.

"சுருவக் கூடு எண்டால் கண்ணை மூடிக்கொண்டு செய்வன். தண்ணி நிக்கிற கூடு செய்து பழக்கமில்லை ஐயா" என்றார் சிமியோன். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "வள்ளத்துக்குக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசிறவை. அதைப் பூசிப் பாப்பம்" என்றார்.

தொட்டி மாட்டு வண்டியில் வைக்கோலுக்குள் வந்து இறங்கியது. தகரச் சட்டமும் ஜன்னல் கண்ணாடியுமாக, சாப்பாட்டுப் பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. உச்சியில் பழக்க தோஷத்தால் சிமியோன் ஒரு சின்னக் குருசும் வெட்டி ஒட்டியிருந்தார். பாலேஸ்வரி அதைப் பார்த்து வாயைத் திறக்குமுன் கதிரவேலர், "கிடக்கட்டும், அவன்ரை சாமியும் மீன்பிடிகாரரோடை திரிஞ்சவர்தானே" என்றார். குங்கிலிய மணம் போக ஒரு கிழமை தண்ணீர் நிரப்பி நிரப்பிக் கொட்டினார். இரண்டு இடத்தில் ஒழுகியது; வாழைப்பழத் தோல், சுண்ணாம்பு என்று ஊர் முழுக்க மருந்து சொன்னது; கடைசியில் இன்னொரு பூச்சுக் குங்கிலியம்தான் காப்பாற்றியது. கிணற்றுத் தண்ணீரை மண்பானையில் ஒருநாள் ஆறவைத்து ஊற்றினார். அடியில் கழுவிய குருமணல் போட்டார். இந்த மீன் மேலே வந்து காற்றை விழுங்கும் சாதி. ஆகையால் நாலு விரல் குறைவாகத்தான் தண்ணீர் விட்டு, துள்ளி விழாமல் நுளம்புக்குக் கட்டும் கொசுவலைத் துண்டொன்றை மேலே கட்டினார். பிறகு இரண்டு மீனையும் இரண்டு பக்கமும் விட்டார்.

சனம் திரண்டு வந்தது. வாசலில் கூரையோடு நிற்கும் சங்கடப் படலை தொடங்கி விறாந்தைவரை ஆள். அடுத்த வளவுக்காரர் மட்டும் வரவில்லை. வேலிக்கு அப்பால் சுருட்டுப் புகை மட்டும் கொஞ்சம் கிட்ட வந்து நின்றது.

மீன்கள் நடுக்கண்ணாடியோடு மல்லுக்கு நின்றன. செவுளைக் குடை மாதிரி விரித்து, ஒன்றை ஒன்று பார்த்து மோதி, களைத்து விலகி, திரும்பவும் வந்து மோதின. முதல் நாள் அது பார்க்க வேடிக்கையாக இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் இரண்டும் தீனைத் திரும்பியும் பார்க்கவில்லை. நிறம் மங்கத் தொடங்கியது.

பாலேஸ்வரி அதுவரை அந்தத் தொட்டிப் பக்கம் வராமல் இருந்தவள். அன்று விறாந்தை கூட்ட வந்து, விளக்குமாற்றைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"இதென்ன வேலி?" என்றாள். "வேலி எண்டால் கண்ணை மறைக்க வேணும். ஆட்டை மறிக்கிறது பிறகு."

"வேலி விஷயத்திலை உன்னை வெல்ல ஆரால் ஏலும்?" என்றார் கதிரவேலர். அந்தச் சொல்லுக்காக அன்று மத்தியானம் அவருக்கு ரசம் இல்லை.

ஆனாலும் அவள் சொன்னது சரி. யாழ்ப்பாணத்தில் வேலி அடைப்பது கள்ளனுக்காக அல்ல, கண்ணுக்காக. அவர் கண்ணாடியை உருவி எடுத்துவிட்டு, பரமலிங்கம் சின்ன வயதில் படித்த சிலேட்டைத் தேடி எடுத்தார். சட்டத்தைக் கழற்றி, ஓரத்தை அராவி, கண்ணாடி இருந்த தவாளிப்பிலேயே இறக்கினார். அளவாக இருந்தது. சிலேட்டின் ஒரு மூலை மட்டும் பிள்ளை விழுத்தி உடைத்தது. அதனால் அடியில் சுண்டுவிரல் பருமனுக்கு ஓர் ஓட்டை.

"மூலையிலை பொட்டுக் கிடக்கு" என்றாள் பாலேஸ்வரி.

"கிடக்கட்டும். தண்ணி ரண்டு பேருக்கும் பொதுத்தானே."

"தண்ணிக்கு விட்ட பொட்டாலை ஆளும் வரும்."

"இந்த ஓட்டைக்காலை என்னெண்டு வாறது?" என்றார். குங்கிலியம் கொஞ்சம் சிரட்டையில் மிச்சம் இருந்தது. ஒரு விரல் தொட்டு வைத்தால் அடைபட்டிருக்கும். அவர் அடைக்கவில்லை. பொட்டே இல்லாத வேலி ஒன்றைத் தன் கையால் கட்ட அவருக்கு மனம் வரவில்லை, உண்மை அதுதான்.

சிலேட் வந்த பிறகு மீன்கள் அமைதியாகின. நிறம் திரும்பியது. பாலேஸ்வரியின் மனமும் மெல்ல மெல்லத் தொட்டிப் பக்கம் திரும்பியது. ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியில் நுளம்புப் புழுவைத் துணியால் வடித்து வந்து போடுவாள். சிவப்பு வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடும். நீலம் அவள் விரல் நுனியிலேயே வந்து கொத்தி எடுக்கும். அவள் அதோடு கதைக்கவும் தொடங்கினாள். "சாப்பிட்டியோ? மெலிஞ்சு போனாய்" என்று அவள் சொல்வதைக் கேட்டால், மீனுக்குச் சொல்வது போலவே இருக்காது. கடல் கடந்து இருந்த பிள்ளைக்கு அவள் சொல்ல நினைத்ததெல்லாம் அந்த அரைத் தொட்டித் தண்ணீருக்குள்தான் போய்க்கொண்டிருந்தது.

மாரி முடிந்து பனி விழத் தொடங்கிய ஒரு காலை. பாலேஸ்வரி தீன் துணியோடு வந்தவள், "இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டாள். அந்தக் குரலிலேயே கதிரவேலருக்கு விளங்கிவிட்டது. சிவப்பின் பக்கத்தில் மீன் இல்லை. நீலத்தின் பக்கத்தில் இரண்டும் கிடந்தன. சிவப்பின் வால் கந்தல் கந்தலாய்த் தொங்கியது. நீலம் அடி மணலில் சரிந்து, செவுளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது.

அகப்பையால் சிவப்பை அள்ளி மறு பக்கம் விட்டு, கையில் அகப்பட்ட துணியால் ஓட்டையை அடைத்தார். அடைக்க வேண்டிய வேலையைச் செய்தார், நேரம்தான் பிந்திவிட்டது. வெயில் முற்றத்துக்கு வரும்போது நீலம் மிதந்தது. அதை எடுத்து ஒரு பூவரசம் இலையில் வைத்தார்.

"ரண்டும் ஒரு தாய்ப் பிள்ளையள் எண்டெல்லோ சொன்னனியள்?" என்று பாலேஸ்வரி கேட்டாள்.

"ஓம்."

அவள் இலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விறாந்தைத் தூணோடு சாய்ந்தபடி அப்படியே நிலத்தில் இருந்து அழத் தொடங்கினாள். முதலில் மூக்கை உறிஞ்சிய அழுகைதான். பிறகு அது தடுக்க முடியாமல் பெருத்து, தலையில் அடித்து, வாய்விட்டு அழும் அழுகையாய்ப் போனது. மீனுக்காக அதில் ஒரு பங்கு இருந்திருக்கும். மிச்சமெல்லாம் மகனுக்கு. இத்தனை வருஷம் ஒருவர் முன்னாலும் அழாமல் வைத்திருந்த அழுகை, ஒரு சாட்டுக் கிடைத்ததும் வந்துவிட்டது. கதிரவேலர் இலையைத் தூக்குவதும் திரும்ப வைப்பதுமாக நின்றார்.

அந்த நேரம் வேலிக்கு அப்பால் துலா கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று அந்தச் சத்தம் நின்றது. வாளி கிணற்றுக்குள் விழுந்த சத்தம் கேட்டது.

எங்கள் ஊரில் காலை நேரத்தில் ஒரு வீட்டில் பெண் அப்படி அழுதால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மலாயாவில் பிள்ளை இருக்கும் வீடென்றால் அந்த அர்த்தமும் ஒரே ஒரு ஆளைத்தான் குறிக்கும். சின்னாச்சி வெளியே ஒழுங்கைத் தெருவைச் சுற்றி, வாசல் படலையால் வரவில்லை. அவ்வளவு தூரம் நடக்க அவளால் முடியவில்லை. அடைத்துக் கிடந்த பழைய பொட்டிலே நேரே வந்து விழுந்தாள். கிடுகு சரசரவென்று கிழிந்தது, மட்டை முறிந்தது, கிளுவை முள் கையைக் கீறி இரத்தம் வந்தது. தலைமயிர் அவிழ, அதில் ஓலைத் துண்டு செருகிக் கிடக்க, அந்தப் பாரியான மனுஷி வேலியைப் பிய்த்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து தங்கையைக் கட்டிப் பிடித்தாள்.

"பிள்ளைக்கு என்ன? சொல்லடி பாலேசு. என்ரை பரமுவுக்கு என்ன நடந்தது?"

பாலேஸ்வரி அழுதபடியே கையை நீட்டினாள். சின்னாச்சி அந்தக் கை போன வழியே பார்த்தாள். பூவரசம் இலையில் ஒரு விரல் நீள நீல மீன் கிடந்தது.

"மீனே?" என்றாள் சின்னாச்சி.

"ஓம்."

"பிள்ளை சுகமாய் இருக்கிறானே?"

"சுகமாய் இருக்கிறான் அக்கா."

சின்னாச்சி தங்கையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். இனித் திரும்பிப் போய்விடுவாள், போகிற போக்கில் நாலு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போவாள் என்று கதிரவேலர் பயந்தார். அவள் போகவில்லை. தங்கைக்குப் பக்கத்தில் தொப்பென்று இருந்து, அவளும் அழத் தொடங்கினாள். "கண்டறியாத மீன். என்ரை ஈரக்குலை எல்லாம் பதறிப்போச்சு. வாளியும் கிணத்துக்கை போச்சு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பாலேஸ்வரி அழுகையை நிறுத்திவிட்டு, அக்காவின் தலையில் இருந்த ஓலைத் துண்டை எடுத்துப் போட்டாள். பிறகு கையில் இருந்த இரத்தத்தைப் பார்த்து, தீன் வடித்த துணியை எறிந்துவிட்டு, தன் சேலைத் தலைப்பால் ஒற்றினாள்.

அப்போது வேலியின் கிழிசலில் முருகேசு தெரிந்தார். தோட்டத்து மண் காலோடு ஓடி வந்திருந்தார். உள்ளே வரவில்லை. ஒரு காலை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் வைத்துக்கொண்டு கதிரவேலரைப் பார்த்தார். கதிரவேலர் தன் மனைவியைப் பார்த்தார். மலாயாவில் எத்தனையோ ரயிலுக்குக் கொடி காட்டியதைப் பார்த்த மனிதர். அன்று ஒரு கொடிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாலேஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் அத்தான் வேலிக்கை நிக்கிறியள்" என்றாள். "வந்து மீனைப் பாருங்கோ. மற்றது உயிரோடை இருக்கு."

நீல மீனை வாழையடியில் புதைத்தார்கள். அது செத்ததற்குக் கதிரவேலர் உண்மையாகவே வருந்தினார். தான் அடைக்காமல் விட்ட ஓட்டையால்தான் அது செத்தது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அன்று பின்னேரம் விறாந்தையில் இரண்டாவது கதிரையை விரித்தபோது வருத்தத்தைவிடச் சந்தோஷமே கூடுதலாக இருந்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. முருகேசுவிடம் அதைச் சொன்னார். முருகேசு சுருட்டை மறு பக்கம் மாற்றிக்கொண்டு, "அதையொண்டும் நினையாதை" என்றார்.

அடுத்தமுறை வேலி அடைத்தபோது கிழிந்த இடத்தை ஒருவரும் அடைக்கவில்லை. கதியால் பழைய இடத்துக்குப் போனதா என்று கேட்காதீர்கள். அதே ஒரு சாண் இன்னும் அந்தப் பக்கம்தான் கிடக்கிறது. பாலேஸ்வரி அதை மறக்கவும் இல்லை. சண்டை வரும் நாட்களில் அக்காவும் தங்கையும் பொட்டின் இரண்டு பக்கமும் நின்று அதைப் பற்றி வடிவாகப் பேசிக்கொள்வார்கள்.

சிவப்பு மீனுக்கு வால் திரும்ப முளைத்தது. தனி மீனுக்கு ஏன் வேலி என்று கதிரவேலர் சிலேட்டை உருவி எடுத்துவிட்டார். முழுத் தொட்டியும் அதற்கென்று ஆனது. ஆனால் அது தன் பாதியிலேயே சுற்றித் திரிந்தது. நடுவில் சிலேட் இருந்த இடம் வந்ததும் மூக்கு முட்டியது போலத் திரும்பிவிடும்.

"வேலி எடுத்தது உவனுக்கு இன்னும் தெரியேல்லைப் போலை" என்றார் முருகேசு, சாய்மனைக் கதிரையில் இருந்து எட்டிப் பார்த்து.

கதிரவேலர் அவருடைய காலைப் பார்த்தார். செருப்பில் ஒழுங்கை மண். பொட்டுத் திறந்து கிடந்து எவ்வளவோ காலம் ஆகியும், முருகேசு அன்றும் ஒழுங்கையைச் சுற்றிப் படலையால்தான் வந்திருந்தார்.